‘இந்த மண்ணில் என்ன வரும்?’

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில், அமராவதிபுதூர்ப் பக்கம் புதிதாக எழும் வீடுகளுக்கு ஒரே சாயல். சுற்றுச்சுவர், இரும்பு கேட், கேட்டிலிருந்து வாசற்படி வரை பேவர் பிளாக், ஓரத்தில் நாலைந்து சிமெண்ட் தொட்டிகளில் குரோட்டன்ஸ். ஒரு கொய்யாவோ மாவோ வைக்கக் கூடாதா என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “இந்த மண்ணுல என்னங்க வரும்?”

இந்தக் கருத்து வீட்டுக்காரரோடு நிற்பதில்லை. கொத்தனார் சொல்கிறார், மனை விற்பவர் சொல்கிறார், ஊரை விட்டுப் போய் நாற்பது வருடமானவரும் சொல்கிறார். அவர்கள் தரப்பு வாதத்தைக் குறைக்காமல் வைத்தால் இப்படி வரும். இது செம்புறாங்கல் பூமி. ஒரு முழம் தோண்டினால் கடப்பாரையில் தீப்பொறி பறக்கும். மழை இரண்டு மாதம், வெயில் பத்து மாதம். குடிக்கவே தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தைல மரமும் சீமைக் கருவேலமும் தவிர வேறெதுவும் நிற்பதில்லை என்பதே இதற்குச் சாட்சி. மீறி வைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தப்பித் தவறி வளர்ந்தால் வேர் சுவரைப் பிளக்கும், சருகு குவியும், பாம்பு வரும். பூச்செடி வெறும் பகட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், யார் பார்த்துக்கொள்வது?

ஏழு காரணங்கள். எதுவும் முழுப் பொய் அல்ல, ஒவ்வொன்றிலும் அரையளவு அனுபவம் இருக்கிறது. அந்த அரை அனுபவத்திலிருந்து ‘ஆகவே தரையை மூடிவிடு’ என்ற முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் கோளாறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. மண் மலடு என்பது

மலட்டு மண்ணில் காடு எப்படி வளர்ந்தது? அமராவதிபுதூரை ஒட்டிய சங்கரபதிக் கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. மருதுபாண்டியர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் கோட்டைக்கு அரணாக இருந்தது காடு. 1801இல் கர்னல் அக்னியூ தலைமையில் வந்த கும்பினிப் படை, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்கு மரங்களை வெட்டி வழி போட முயன்றது. ஆகஸ்டு மாதம் முழுக்கப் போராடியும் காட்டைத் துளைக்க முடியாமல் அந்த வேலையைக் கைவிட்டது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830இல் நூலாக வந்தன. காட்டோடு நடந்த சண்டை அதில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. பீரங்கி வைத்திருந்த படையையே மறித்த காடு வளர்ந்த சீமையில், ஒரு சீத்தா மரத்துக்கு மண் போதாது என்றால் எப்படி நம்புவது?

அது அந்தக் காலம் என்பார்கள். இந்தக் காலத்துக்கே வரலாம். வடக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் வடகாடும் கீரமங்கலமும் இருக்கின்றன. அங்கும் செம்மண்தான். அங்கிருந்து பலா லாரி லாரியாக வெளியூர் போகிறது. கீரமங்கலம் பூச்சந்தை சுற்று வட்டாரத்துக்கே விலை சொல்லும் இடம். பண்ருட்டிப் பலா நிற்பதும் செம்புறை கலந்த செம்மண்ணில். பலாவுக்கு வேண்டியது ஆழமும் வடிகாலும். செம்மண்ணுக்கு வடிகால் இயல்பாகவே உண்டு. ஆழத்தை நாம் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியில் மேல் மண்ணுக்குக் கீழே ஓர் அடியிலோ மூன்றடியிலோ செம்புறாங்கல் ஏடு ஒன்று குறுக்கே ஓடும். சில மனைகளில் அது தரைமட்டத்திலேயே தெரியும். பெரும்பாலோர் செய்வது என்ன? ஒன்றரை அடிக்குக் குழி எடுப்பார்கள். கல் தட்டியதும் நிறுத்துவார்கள். நர்சரிப் பையைக் கிழித்துக் கன்றை இறக்கி, எடுத்த சரளையையே திருப்பித் தள்ளி மூடுவார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழி அடைத்த தொட்டியாகி வேர் அழுகும். கோடையில் அதே குழி சட்டியாகி வேர் கருகும். ஒரே வருடத்தில் இரண்டு விதமாகச் சாகடித்துவிட்டு மண்ணைத் திட்டுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாவுக்கும் சப்போட்டாவுக்கும் நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. கொய்யா, மாதுளைக்கு இரண்டடியும் போதும். கல் ஏடு வந்தால் அதை உடைத்துக்கொண்டு அடுத்த மண் வரை இறங்க வேண்டும். இறங்கியாயிற்றா என்று பார்க்கச் சுலபமான சோதனை உண்டு. மாலையில் குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காலையில் எட்டிப் பார்க்கலாம். தண்ணீர் தேங்கி நின்றால் ஏடு இன்னும் உடையவில்லை. வடிந்திருந்தால் ஆடி வெயிலில் குழியை ஆறப்போட்டு, தோண்டும்போது தனியாக ஒதுக்கிய மேல் மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு கலந்து நிரப்பி, புரட்டாசி, ஐப்பசி மழை பிடிக்கும்போது நடலாம். ஒரு குழிக்கு ஓர் ஆளின் அரை நாள் வேலை. ஏடு கனமாக இருந்தால் முழு நாள். வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போது நிற்கும் ஜேசிபியிடமே சொன்னால் நாலு குழியையும் அரை மணியில் எடுத்துவிடும். கடைக்காலுக்கு உடைபடும் கல் மாங்கன்றுக்கு மட்டும் உடையாதா?

2. தண்ணீர் இல்லை என்பது

சிவகங்கை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர். ஆந்திரத்தின் அனந்தபூருக்குக் கிடைப்பது சுமார் 550. அந்த அனந்தபூர்தான் மாதுளை, சாத்துக்குடி, மா என்று ஆந்திரத்தின் பழக்கூடையாகப் பெயர் எடுத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மாதுளைச் சீமையான சோலாப்பூருக்கும் நம்மைவிட மழை குறைவுதான். ராஜஸ்தானத்து ஜோத்பூரில் இன்னும் மோசம்; அங்கே 1959 முதல் இயங்கும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் இலந்தையில் ஒட்டு ரகங்களைப் பரப்பியது. அனந்தபூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியதும் உண்மை. அது ஏக்கர் ஏக்கராகப் பயிர் செய்பவரின் கதை. ஐந்து சென்ட் மனையில் ஐந்து மரம் வைக்க நினைப்பவர் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 900 மில்லிமீட்டருக்கு அதில் விழுவது 83,000 லிட்டருக்கும் மேல். சிந்தியது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 66,000 லிட்டர் மிஞ்சும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. குழாய் இல்லாத வீடு அரிது; அந்தக் குழாய் போய்ச் சேரும் இடம்தான் பல வீடுகளில் தெருச் சாக்கடை.

மழை எல்லாம் இரண்டு மாதத்தில் கொட்டிவிடுகிறதே, கோடைக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. வேரூன்றிய சிறு பழ மரம் ஒன்றுக்குக் கோடையில் வாரத்துக்கு 60 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து மரத்துக்கு 300 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நாலு பேர் வீட்டில் அது 220 லிட்டர். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அதில் பாதிதான் போகிறது என்றாலும் வாரத்துக்கு 770 லிட்டர் கழிவுநீர். தேவையைப் போல இரண்டரை மடங்கு! பழைய வீடுகளில் கொல்லைப்புறத்துக் குளியல் மேடையை ஒட்டி வாழை நின்றது இந்தக் கணக்கில்தான். சோப்புத் தண்ணீரை நேரே விடக் கூடாது என்பது சரி. முதலில் கல்வாழை, வாழை வழியாக விட்டு, கடைசியில் கொய்யாவுக்குப் பாய்ச்சினால் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை விருந்தாளியிடம் பெருமையாகச் சொல்லும் காரைக்குடிக்காரர், மரம் என்று வந்தால் மட்டும் பாலைவனத்துக்குக் குடிபோய்விடுவார். செட்டிநாட்டு வீடு தண்ணீரை நினைத்துக் கட்டப்பட்ட வீடு. நாலாபுறத்து ஓட்டுக்கூரையும் வளவை நோக்கிச் சரியும். விழுந்த மழை கிடாரங்களிலும் அண்டாக்களிலும் நிறைந்து, மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணியைச் சேரும். அப்படிக் கட்டிய ஊரில் இன்று முற்றம் முழுக்கக் கல் பாவி, விழும் மழையைச் சாலைக்கு விரட்டிவிட்டு, சித்திரையில் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அங்கலாய்க்கிறார்கள். பேவர் பிளாக் மணல் படுக்கையில் அடுக்கப்படுவது. ஏற்கெனவே பாவியவர்களும் நாலடிக்கு நாலடி பெயர்த்தெடுத்துக் குழி போட முடியும். மொத்தத்தையும் இடிக்க வேண்டியதில்லை.

தண்ணீர் இல்லாததாலேயே தொட்டிச் செடி என்பதும் தலைகீழ் நியாயம். தோட்டக்கலையில் அதிகம் தண்ணீர் கேட்பது தொட்டிதான். தரையில் நிற்கும் செடியின் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். தொட்டிச் செடிக்குப் போக்கிடம் கிடையாது. கத்திரி வெயிலில் கல் தரைமேல் வைத்த தொட்டி பக்கவாட்டிலிருந்தும் சூடேறி மாலைக்குள் காய்ந்துவிடும். குரோட்டன்ஸுக்கோ அரை நிழலும் காற்றில் ஈரமும் பிடிக்கும். உச்சி வெயிலில் இலை ஓரம் கருகும். ஊரிலேயே அதிகக் கவனிப்பு கேட்கும் செடியை அதிகத் தண்ணீர் கேட்கும் பாத்திரத்தில் வைத்துவிட்டு, ‘பராமரிப்பு இல்லாத தோட்டம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

தினம் மாலை ஹோஸ் பிடித்து இலையை நனைக்கும் பழக்கமும் மரத்துக்குக் கெடுதல். மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே படரும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் செடி தொங்கிவிடும். வாரம் ஒரு முறை, இளங்கன்றுக்கு இரண்டு முறை, பாத்தி நிறைய ஊற்றினால் வேர் கீழே இறங்கும்.

3. தைல மரமே சாட்சி என்பது

சாலையோரம் மைல் கணக்கில் தைல மரம் நிற்பதால் இங்கே அது மட்டும்தான் வரும் என்பது, பள்ளிச் சீருடையைப் பார்த்துவிட்டு ஊரில் வேறு துணியே நெய்வதில்லை என்று முடிவு கட்டுவதற்குச் சமம். தைல மரம் தானாக முளைக்கவில்லை. திட்டம் போட்டு நட்டது. தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் 1974இல் தொடங்கியது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தரிசுகளில் தைல மரம் பரவியதற்குக் காரணம் காகித ஆலைக்குக் கூழ் மரம் தேவைப்பட்டதும், ஆடு கடிக்காததும், வெட்டினால் மறுபடி துளிர்ப்பதும். அதே வகை நிலத்தில் அதே கழகம் முந்திரியும் வளர்த்தது. முந்திரி பழ மரம் இல்லையா? பிரேசிலிலிருந்து வந்த மரம் செம்புறை மேட்டில் ஊன்றிக் காய்க்கிறது.

சீமைக் கருவேலம் வேறு கதை. வெட்டாமல் விட்ட நிலத்தில் அது நுழைகிறது. நிலத்தை யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. மண் கெட்டது என்பதற்கு அல்ல.

4. ‘வைத்துப் பார்த்தோம், பட்டுப்போச்சு’ என்பது

எதை வைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதி வழக்கு முடிந்துவிடும். சந்தையில் வண்டியில் வரும் வியாபாரி ரம்புட்டான், மங்குஸ்தான், வெண்ணெய்ப்பழம், ஆப்பிள் என்று படம் போட்ட அட்டை கட்டித் தருகிறார். மங்குஸ்தானும் ரம்புட்டானும் தமிழ்நாட்டில் பெயரோடு விளையும் இடங்கள் நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியார் பண்ணைகளும் குற்றாலமும். அங்கே காற்றில் எப்போதும் ஈரம். அதைக் கொண்டுவந்து செட்டிநாட்டு வெயிலில் நிறுத்தினால் இலை நுனி ஒரு மாதத்தில் கருகத் தொடங்கும். தவறான மரம் பட்டுப்போனதற்கு ஊரே மலட்டுப் பட்டம் சுமக்கிறது.

இந்த வெயிலைக் கேட்டு வாங்கும் மரங்கள் இருக்கின்றன. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் சீத்தாவில் ஏபிகே 1 என்ற ரகத்தை வெளியிட்டது, மானாவாரிக்கென்றே வந்தது. பெரியகுளம் புளியிலும் சப்போட்டாவிலும் பிகேஎம் 1 தந்தது. நெல்லியில் என்ஏ 7, கொய்யாவில் லக்னோ 49, இலந்தையில் பனாரசி. இவற்றோடு நாவல், விளா, மாதுளை. செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வண்டிக்காரரிடம் கேட்கும் கேள்வியை அங்கே போய்க் கேட்க ஒரு பஸ் டிக்கெட் போதும்.

மாவுக்கு வறட்சி தேவையும்கூட. மார்கழியோடு மழை நின்று, மண் காய்ந்து, இரவு குளிரும்போதுதான் நுனிக் கிளையில் பூ கட்டும். மழை நிற்காத ஊர்களில் மா தழைத்துக்கொண்டே இருக்கும், பூக்காது. நம் ஊரில் தை, மாசியில் பூ பூத்து, சித்திரை, வைகாசியில் காய் முற்றுவதற்கு அந்த இரண்டு மாத ஈரக்குறைவுதான் காரணம். அந்த நேரத்தில் பாசத்தோடு தினம் தண்ணீர் ஊற்றுகிறவர் பூவுக்குப் பதில் கொழுந்து வாங்கிக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் அழகான உதாரணம் சப்போட்டா. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிறந்த மரம். நம் நர்சரிகளில் அதை ஒட்டுவது பாலை மரக் கன்றின்மேல். உலக்கைப்பாலை என்று சொல்லும் அதே பாலைதான். வீரை, காயா மரங்களோடு இந்தப் பக்கத்துக் கோயில் காடுகளில் நின்ற மரம். மண்ணுக்குக் கீழே பாலையின் வேர், மேலே சப்போட்டாவின் கிளை. வறட்சியைத் தாங்குவது கீழே இருப்பவர் வேலை, பழம் தருவது மேலே இருப்பவர் வேலை. கன்று வாங்கும்போது அடித்தண்டில் விரலை ஓட்டினால் ஒட்டின இடம் முடிச்சாகத் தட்டுப்படும். அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே அரையடியாவது நிற்கும்படி நட வேண்டும். முடிச்சுக்குக் கீழே துளிர்க்கும் கொழுந்தைக் கண்டவுடன் கிள்ள வேண்டும். விட்டால் சப்போட்டா மெலிந்து பாலை தழைத்துவிடும். ‘ஐந்து வருடமாக ஆள் உயரம் நிற்கிறது, ஒரு காய் இல்லை’ என்று புலம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த முடிச்சு.

5. வேர், சருகு, பாம்பு, காத்திருப்பு

சுவரைப் பிளக்கும் மரங்கள் உண்டு. அரசு, ஆல், தூங்குமூஞ்சி. அழகுக்கென்று வரிசையாக நட்ட கோனோகார்பஸ் வேர் குழாய்க்குள் புகுந்து அடைத்ததால் குஜராத் 2023இல் அதைத் தடை செய்தது. கவனிக்க: அது பழ மரம் அல்ல. சீத்தா, மாதுளை, கொய்யா, எலுமிச்சை எல்லாம் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்றால் கடைக்காலை ஒன்றும் செய்வதில்லை. மாவையும் பலாவையும் சுவரோரம் வைக்கக் கூடாது என்பது உண்மை. அதற்கு இருபத்தைந்து அடியாவது வேண்டும், இடமில்லாதவர் வைக்க வேண்டாம்.

சருகு குப்பை என்பவர் அதைக் கொளுத்திவிட்டு உர மூட்டைக்குக் கடைக்குப் போகிறார். மரத்தைச் சுற்றிச் சருகை மூடாக்காகப் பரப்பினால் கோடை ஈரம் நிற்கும். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும்: செம்மண்ணில் கரையான் உண்டு. சருகு அடித்தண்டைத் தொட்டால் பட்டையை அரித்துவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் வட்டம் விட்டுப் பரப்பி, வருடம் இருமுறை வேப்பம்பிண்ணாக்கு போட வேண்டும். பாம்புக்கு வேண்டியது எலியும் ஒளிய இடமும். கட்டட வேலை முடிந்து மூலையில் குவித்து வைத்த செங்கல், பலகைக் குவியல் தருவதைவிட நல்ல ஒளிவிடத்தைக் கூட்டிப் பெருக்கிய கொய்யா மரத்தடி தராது.

குரங்கும் மயிலும் வரும் என்பதை மறுக்க முடியாது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தினப்படித் தொல்லை. அவர்கள் நெல்லி, விளா, எலுமிச்சை பக்கம் சாயலாம். குரங்கு நெல்லியையும் விடாது என்பார்கள். ஆனால் மாதுளையில் காட்டும் ஆவேசத்தை அதில் காட்டாது.

எப்போது காய்க்கும் என்ற கேள்விக்குப் பதில்: பப்பாளி பத்து மாதத்தில், பதியன் போட்ட கொய்யாவும் மாதுளையும் இரண்டு மூன்று வருடத்தில், சீத்தா மூன்றில், ஒட்டு சப்போட்டாவும் நெல்லியும் நாலில், ஒட்டு மா நாலைந்தில். இருபது வருட வீட்டுக் கடன் பத்திரத்தில் தயங்காமல் கையெழுத்துப் போட்டவர் மூன்று வருடக் கொய்யாவை நீண்ட காலம் என்கிறார்.

6. பூச்செடி பகட்டு என்பது

இதைச் சொல்கிறவர் வீட்டில் காலையில் சாமிக்குப் பூ எங்கிருந்து வருகிறது? கடையில் முழம் போட்டு வாங்கியது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளையும் மாவட்டங்களில் சிவகங்கையும் உண்டு. விற்கவும் கட்டவும் சூடவும் பூ விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, பிளாஸ்டிக் மாலையை நிலைப்படியில் தொங்கவிடுவதுதான் பகட்டு.

வறட்சியில் பூக்காது என்பதும் இந்த வாதத்தின் கிளைதான். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டைப் பார்த்தால் போதும். இரண்டு பக்கமும் தார் கொதிக்க, லாரிப் புகை குடித்துக்கொண்டு, அரளியும் காகிதப்பூவும் குலுங்குகின்றன. 1767இல் ரியோ டி ஜெனிரோவில் கொம்மெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலர் முதலில் சேகரித்து, தன் கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரைச் சூட்டிய செடி இந்தக் காகிதப்பூ. வேர் கொஞ்சம் காய்ந்தால்தான் இது நிறம் காட்டும். தண்ணீரும் உரமும் அள்ளிப் போட்டவர் வீட்டில் பச்சை இலையும் முள்ளும் மிஞ்சும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆடு தொடாததற்குக் காரணம் அதுதான். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கக் கூடாது, வேலியோரம் வைக்கலாம்.

இட்லிப்பூச் செடிக்கு இந்த மண் வரம். அமிலச் சாயல் கொண்ட செம்மண்ணில் அதற்கு இரும்புச் சத்து தாராளமாகக் கிடைத்து இலை கரும்பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மண்ணில் வைத்தவர்கள் வெளுத்த இலையோடு மல்லாடுகிறார்கள். புது வீட்டிலும் இலை வெளுக்கிறதென்றால் கொத்தனார் கொட்டிய சிமெண்டுக் கலவை மண்ணில் கலந்திருக்கிறதா என்று கிளறிப் பார்க்க வேண்டும். நந்தியாவட்டை, செம்பருத்தி, பவளமல்லி என்று சேர்த்தால் ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும். அந்தப் பூவுக்கு வரும் தேனீ, மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் போகும். பூச்செடியும் பழ மரமும் ஒன்றுக்கொன்று போட்டி என்று பிரிப்பதே தவறு.

பூச்சி வரும், மருந்து அடிக்க வேண்டும் என்பது மீதி. செம்பருத்தியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியைப் பார்த்துப் பயந்தவர்கள் அதன் கதையையும் தெரிந்துகொள்ளலாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் முதலில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து மேல் மருந்தாக அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன. எறும்பைவிடச் சிறிய அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தீர்த்துக் கட்டியது. வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாவட்டங்களுக்கு அனுப்பியது. செம்பருத்திமேல் கண்மூடித்தனமாக விஷம் அடிப்பவர் முதலில் கொல்வது அந்தக் குளவியை. நாலு செடிக்கு வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் வேப்பெண்ணெய்க் கரைசலும் போதும்.

7. யார் பார்த்துக்கொள்வது?

இது மட்டும் கனமான கேள்வி. இந்தப் பக்கத்து வீடுகளில் பல, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறப்பவை. ஆனால் இதே காரணம், தரையில் நிற்கும் மரத்துக்கு ஆதரவாகவும் தொட்டிக்கு எதிராகவும்தான் பேசுகிறது. ஆள் இல்லாத வீட்டில் தொட்டிச் செடி பத்து நாள் தாங்காது. இரண்டு கோடை தாண்டிய நெல்லியும் புளியும் நாவலும் ஆளைத் தேடுவதில்லை. நெடுஞ்சாலைத் துறை சாலையோரப் புளிய மரங்களுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனாலும் வருடா வருடம் காய்ப்பை ஏலம் விடுகிறது.

தொல்லை அந்த முதல் இரண்டு கோடைதான். அதற்கு வழி இல்லாமல் இல்லை. பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஏற்கெனவே ஓர் ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார். விளக்குப் போட்டு, வாசல் தெளிப்பவர். வாரம் இரண்டு முறை மரத்துக்கு இரண்டு குடம் என்று அவரிடம் சொல்லி, அதற்குத் தனியாக ஒரு தொகை பேசி, காய்க்க ஆரம்பித்ததும் பாதி அவருக்கு என்று முடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரில் ஒரு டைமரும் சொட்டுநீர்க் குழாயும் மாட்டலாம். ஐந்து மரத்துக்கு ஆகும் செலவு கேட்டுக்குப் போட்ட பித்தளைக் கைப்பிடியைவிட அதிகமாகிவிடாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் வீட்டுக்காரர் கவாத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும். கொய்யா புதுக்கிளையில்தான் காய்க்கும். பொங்கலுக்கு வரும்போது கத்தரியைக் கையில் எடுத்து நுனிகளை வெட்டிவிட்டால் போதும், பங்குனியில் துளிர்த்துவிடும்.